ஐந்து சாட்சிகள், ஒரே விலாசம்

“1998 மார்ச் 14, சனி. பி.ப. 4.10. மேல்மாடி நடுக்கூடம். ரீச்சர் ஒப்பம் வைத்தார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உடனிருந்தோம். கரண்ட் இருந்தது.”

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். கரண்ட் இருந்ததை எதற்காக எழுதினேன் என்று பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் என்னைக் கேட்டார். பழக்கம் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அதுதான் உண்மை. மின்வெட்டுக் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. மின்வெட்டு குறைந்த பின்பும் கை நிற்கவில்லை. யார் வந்தார், யார் போனார், எந்த நாளில் எந்த வீதியை மறித்தார்கள், பொலிஸ் பதிவுக்கு எப்போது போனோம் என்று எல்லாவற்றையும் எழுதிவந்தேன். மாலையில் கதைக்க ஆளில்லாத நாட்களில் அது ஒரு வேலையாகவும் இருந்தது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்று சொன்னாலும் நாங்கள் எல்லோரும் வாடகைக்காரர். கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரரான முஸ்லிம் முதலாளியும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். மேல்மாடியில் ஐந்து அறைகள், ஒரு நடுக்கூடம், ஒரு பொதுக் குசினி. அறைகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுடைய சூட்கேஸ்கள் கட்டிலுக்குக் கீழே பூட்டியபடியே இருக்கும். உடுப்பு அலுமாரி வைத்திருந்தவள் அந்த மாடியில் நான் ஒருத்திதான். எனக்கு விண்ணப்பம் எதுவும் இல்லை. புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக ரைப்பிஸ்ட் வேலை. காணி உறுதிகள், நன்கொடைச் சாதனங்கள், உயில்களான மரணசாதனங்கள் என்று மற்றவர்களின் வீடுகளும் காணிகளும் கைமாறுவதை நாள் முழுக்க ரைப் செய்துவிட்டு, பின்னேரம் ரயிலில் வெள்ளவத்தையில் வந்து இறங்குவேன்.

எனக்கு அடுத்த அறையில் ரீச்சரும் அவருடைய மகளும். ரீச்சர் விசாவுக்குக் காத்திருந்தவர் அல்ல. கணவர் ஊரில் ஷெல் விழுந்து இறந்திருந்தார். மரணச் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் படிப்பித்தார். மகளும் அங்கேதான் படித்தாள். அந்த மார்ச்சில் பிள்ளைக்கு ஒன்பது வயது முடிந்து இரண்டு மாதம்.

மார்ச் 14 காலை ரீச்சர் என் அறைக் கதவைத் தட்டினார். முதல்நாள் டொக்டர் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருந்தார். ஞாயிறு வார்டில் சேர வேண்டும், திங்கள் ஒப்பரேஷன்.

“அக்கா, ஒரு மரணசாதனம் எழுதோணும். இண்டைக்கே.”

“ஏன் அப்பிடிக் கதைக்கிறீர்? சின்ன ஒப்பரேஷன் எண்டுதானே சொன்னவை.”

“சின்னனோ பெரிசோ, எனக்குப் பிறகு இவள் ஆரிட்ட எண்டது எழுத்தில இருக்கோணும்.”

யாரிடம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதே பாடசாலையில் படிப்பித்த கொட்டாஞ்சேனைச் சிநேகிதியிடம். சிநேகிதி கலியாணம் செய்யாதவர், கத்தோலிக்கர், பெற்றோர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். பாடசாலை விட்டபின் ரீச்சருக்கு வேலை இருக்கும் நாட்களில் பிள்ளை அவருடைய வீட்டில்தான் சாப்பிட்டு வீட்டுப்பாடம் செய்யும். அங்கே அவளுக்கென்று ஒரு மேசை இருந்தது.

எங்கள் அலுவலக நொத்தாரிசு அன்று ஒரு சாவீட்டுக்குச் சிலாபம் போயிருந்தார். திங்கள் மாலைதான் திரும்புவார்.

“நொத்தாரிசு இல்லாட்டி ஏலாதோ?” என்று கேட்டார் ரீச்சர்.

“ஏலும். நொத்தாரிசு இல்லாட்டி ஐஞ்சு சாட்சி. ஐஞ்சு பேரும் ஒரே நேரத்தில நிண்டு, நீர் ஒப்பம் வைக்கிறதைப் பார்த்து, தாங்களும் வைச்சால் சரி. சட்டம் அதை ஏற்கும்.”

அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த நிமிர்வு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் என்னிடம் சட்டம் கேட்பதில்லை.

பதினொரு மணிக்கு ரைப் செய்யத் தொடங்கினேன். ரீச்சரின் சீதன வீடு மகளுக்கு. அந்த வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. எட்டு வருடமாக யாரும் அதைக் கண்ணால் காணவில்லை. பழைய உறுதியைப் பார்த்து எல்லைகளை அப்படியே அடித்தேன். இரண்டு பரப்பு ஆறு குழி, கல்வீடு, கிணறு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய காணி. அந்த இன்னார் எங்கே இருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு பாதுகாவலர் பற்றிய பந்தி. மகளுக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை கொட்டாஞ்சேனைச் சிநேகிதியே பாதுகாவலர். ரீச்சர் அதை மூன்று முறை வாசித்துவிட்டு, “இதுதான் முக்கியம், வீடு போனாப் போகுது” என்றார்.

மூன்று மணிக்குச் சிநேகிதி வந்தார். சாதனத்தில் பெயர் வருகிறவர் ஒப்பமிடும் இடத்தில் நிற்காமல் இருப்பது நல்லது என்றேன்.

“வெளங்குது அக்கா. நான் புள்ளையோட உங்க ரூம்ல இருக்கேன். கூப்பிடுறவரைக்கும் வர மாட்டேன்” என்றார்.

சாட்சிகளில் ஒருத்தி நான். மற்றவர்கள், இளைப்பாறிய ஸ்ரேஷன் மாஸ்டர், அவருடைய மனைவி, நோர்வே மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு பெண், ஊரில் வங்கியில் வேலை செய்த ஒரு இளைஞர். வங்கித் தம்பி என்று அவரைக் கூப்பிடுவோம். சுவிஸ் போவதற்கு ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காக ஒன்றரை வருடமாகக் காத்திருந்தார்.

“அக்கா, ஐடென்டிக் கார்ட் நம்பரும் போடோணுமோ?”

“ஓம், போட்டால் நல்லது.”

“பொலிஸ் ரெஜிஸ்டரில என்ர பேர் ஏற்கனவே மூண்டு தரம் கிடக்கு. இனி ரீச்சரின்ர மரணசாதனத்திலயுமோ? நான் போய்ச் சேர முந்தி என்ர பேர் நாடு முழுக்கச் சுத்திப்போடும் போல.”

“வையடா தம்பி” என்றார் ஸ்ரேஷன் மாஸ்டர். “சாட்சிக்கு ஒண்டும் நடக்காது. எழுதுறவைக்குத்தான்...”

“ஐயோ, வாயை மூடுங்கோ!” என்றார் அவருடைய மனைவி.

முதலில் சிரித்தது ரீச்சர்தான். ஒப்பம் வைக்கும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில் மிச்சமிருந்தது.

அதற்கு முன்னர் ஸ்ரேஷன் மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். “கீழ முதலாளியையும் கூப்பிடுவமோ? பெரிய மனிசன்.” நான் வேண்டாம் என்றேன். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த தமிழர்களுக்கு, வீட்டுச் சொந்தக்காரர் பொலிசில் சொல்லும் ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. ஒப்பம், சட்டம், கடதாசி என்று போய் அவரைப் பயமுறுத்தினால் அடுத்த மாதம் அறை இல்லாமல் போகலாம். நமது வீட்டு விஷயத்துக்குள் அவரை இழுப்பது மரியாதையும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். எங்களில் யாரும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டோம்.

ஐந்து பேருடைய பெயர்களுக்கும் கீழே விலாசம் அடித்தேன். ஒரே விலாசம், ஐந்து முறை. எழுத்துக்குக் கீழே எழுத்து வந்து நேராக நின்றது. பார்க்க வடிவாக இருந்தது.

ஒப்பரேஷன் முடிந்து ரீச்சர் திரும்பி வந்தார். ஏப்ரலில் பாடசாலைக்கும் போகத் தொடங்கினார். சித்திரை வருடப்பிறப்புக்கு நடுக்கூடத்தில் எல்லோருமாகச் சமைத்துச் சாப்பிட்டோம். மே மாதம் ஒரு பின்னேரம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

“அக்கா, இப்ப நேரம் இருக்குத்தானே. நொத்தாரிசிட்டயே ஒருக்கா வடிவா எழுதுவமோ?”

“தேவையில்லை. அது சட்டப்படி முழுச் சரியாக் கிடக்கு” என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. நான் செய்த வேலையில் அவர் குறை கண்டுவிட்டதுபோல் எனக்கு அன்று சிறு வருத்தம் இருந்தது. நாட்குறிப்பில் அதை எழுதவில்லை. அதனால் மே மாதத்தில் எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஜூன் 2, செவ்வாய், ஸ்ரேஷன் மாஸ்டரும் மனைவியும் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். செவ்வாய்க்கிழமை பயணமா என்று மனைவி அழுதார். “ரிக்கற் எடுத்தவனுக்கு ராகுகாலம் தெரியுமோ?” என்றார் மனிதர். ஆகஸ்ட் 21, வெள்ளி, நோர்வே மணப்பெண் போனாள். செப்டெம்பர் 27, ஞாயிறு, வங்கித் தம்பி. அவர் போனது எங்களுக்கே அடுத்த நாள்தான் தெரியும். கட்டிலில் மடித்து வைத்த போர்வையும், அதன் மேல் எனக்கு ஒரு துண்டும்: “அக்கா, சொல்லாமல் போறன், கோவிக்காதேங்கோ.”

மூன்று திகதிகளையும் வரிசையாக எழுதினேன். சாட்சிகள் போகிறார்கள் என்று எழுதவில்லை. நண்பர்கள் போகிறார்கள் என்றுதான் என் மனதில் இருந்தது. வெள்ளவத்தையில் நம்பிக்கையான ஆளென்றால் கடிதம் வாசித்துக் காட்டக்கூடியவர், பொலிஸ் வந்தால் கூட நிற்கக்கூடியவர். நாளைக்கும் இங்கே இருப்பாரா என்பதை வைத்து நாங்கள் யாரையும் தெரிந்தெடுத்ததில்லை. மரணசாதனம் நாளைக்கானது என்பது, அதை வாழ்நாளெல்லாம் ரைப் செய்த எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 19, வியாழன், நோய் திரும்பி வந்ததில் ரீச்சர் இறந்தார்.

அதன்பின் நடந்தவற்றில் பிள்ளையின் பெரியப்பா வருகிறார். அவர் தெஹிவளையில் குடும்பத்தோடு இருந்தார். இறந்த கணவரின் அண்ணன். கெட்ட மனிதர் அல்ல. சாவீட்டுக்குரிய எல்லாவற்றையும் அவர்தான் ஓடி ஓடிச் செய்தார். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்ததும், தாங்கள் ஏப்ரலில் கனடாவுக்குப் போகிறோம், பிள்ளையையும் கூட்டிப் போகிறோம் என்று நடுக்கூடத்தில் சொன்னார். அப்போது கொட்டாஞ்சேனைச் சிநேகிதி மரணசாதனத்தை எடுத்துக் கொடுத்தார்.

பெரியப்பா நின்றபடியே வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார், சிநேகிதியைப் பார்க்கவில்லை.

“எங்கட பிள்ளை தோட்டத்து வேதக்காரியிட்டயோ வளருறது? சொந்தம் நாங்கள் உயிரோட இருக்கேக்க?”

சிநேகிதியின் முகம் மாறியது. ஆனால் அமைதியாகச் சொன்னார். “அய்யா, நான் கேட்டு வாங்கல்ல. அவங்க எழுதி வச்சிட்டுப் போனாங்க. எழுதுனதை நான் செய்யணும்.”

ஜனவரியில் சிநேகிதி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பெப்ரவரியில் பெரியப்பா ஆட்சேபித்தார். தீர்ப்புவரை பிள்ளை பள்ளி நாட்களில் தெஹிவளையில் பெரியப்பா வீட்டிலும் வார இறுதியில் கொட்டாஞ்சேனையிலும் இருந்தாள். ரீச்சர் அப்போது வலிமருந்தில் இருந்தார், சுயபுத்தியோடு ஒப்பமிடவில்லை, சாட்சிகள் ஐவரும் ஒன்றாக நிற்கவும் இல்லை என்பது அவருடைய தரப்பு. எங்கள் வழக்கறிஞர் கோவையைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸ், ரைப் பண்ணினது நீங்க. சாட்சியும் நீங்க. டயரி எழுதினதும் நீங்க. பக்கத்து ரூமும் நீங்க. மற்ற நாலு பேரில ஒரு ஆளையாவது காட்டுங்கோ. இல்லாட்டி உங்கட வாயை மட்டும் நம்பச்சொல்லி நான் நீதிபதியிட்டக் கேக்கோணும்.”

“அவையெல்லாம் வெளிநாட்டில.”

“அப்ப அங்க இருக்கிற நம்மட தூதரகத்துக்குப் போய்ச் சத்தியக்கடதாசி முடிச்சு அனுப்பச் சொல்லுங்கோ. வேற இடத்தில முடிச்சா அந்தப் பக்கம் அதையும் இழுத்து விளையாடும்.”

நான்கு பேருக்கும் கடிதம் எழுதினேன். ஸ்ரேஷன் மாஸ்டரின் மனைவியிடமிருந்து மார்ச்சில் பதில் வந்தது. கணவருக்குப் பக்கவாதம், யாரையும் அடையாளம் தெரியவில்லை, அவரை விட்டு வெளியே போக முடியாது, போனாலும் தன்னால் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். நோர்வேக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. அவள் கலியாணம் செய்தபின் எந்தப் பெயரில் இருக்கிறாள் என்று யாரிடமும் கேட்டு வைக்கவில்லை. வங்கித் தம்பியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த வருடம் மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். புதியவர்களுக்கு அறை கொடுத்தால் பொலிஸ் தொல்லை என்று முதலாளி மற்ற அறைகளைப் பூட்டி வைத்திருந்தார். பொதுக் குசினியில் ஐந்து அடுப்புகளுக்கு இடமிருந்தது, நான் ஒன்றை மூட்டுவேன். கடற்காற்றில் பூட்டிய கதவுகள் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். வேலையால் வந்து படியேறும்போது யாரோ உள்ளே இருப்பதுபோலக் கேட்கும். ஒரு நாள் அந்தச் சத்தத்துக்கு “ஓம், வந்திட்டன்” என்று நான் பதில் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு படியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதலாளியின் மனைவி வட்டலப்பம் கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனபோது முதலாளி வழக்கைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வாசலில் கதிரை போட்டுச் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் மிஸ், என்னெக் கேக்கல்ல? அன்டைக்கு நான் கீழதானே இருந்த. ஒரு சத்தம் போட்டிருந்தா ஏறி வந்திருப்பேனே.”

“உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு...”

“என்ன கரைச்சல்? முப்பது வருஷமா இந்தக் கதிரையில இருக்கிற மனிசன் நான். நான் எங்க போறதுக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. மனத்தாங்கலாகச் சொன்னார். நான் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன்.

மே மாத விசாரணையில்தான் கரண்ட் பற்றிய கேள்வி வந்தது. என் நாட்குறிப்பை ஆதாரமாகக் காட்டியது எங்களுக்கே கெடுதலாக முடிந்தது. இவ்வளவு திருத்தமாக எழுதப்பட்ட குறிப்பு, வேண்டுமென்று பின்னர் எழுதப்பட்டதாக இருக்கலாம் என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அடுத்த தவணை செப்டெம்பருக்குப் போனது. வழக்கால் பெரியப்பாவின் ஏப்ரல் பயணமும் தள்ளிப்போயிருந்தது.

அன்று நீதிமன்ற விறாந்தையில் அவர் என் அருகே வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நான் வீட்டைக் கேட்டனோ? அந்த வீடு ஆருக்கு வேணும்? பிள்ளை பள்ளிக்கூடம் போற வழியில எத்தினை செக் பொயின்ற் கிடக்கெண்டு எண்ணிப் பாத்தனீங்களோ? கனடாவில ஒண்டு கிடக்கோ, சொல்லுங்கோ பாப்பம்.”

நான் எண்ணியிருந்தேன். என் நாட்குறிப்பில் அந்தக் கணக்கும் இருந்தது.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சிநேகிதி பூசைக்குப் போயிருந்தார். பிள்ளை அந்த மேசையில் இருந்து வரைபடத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவோடு போக அவளுக்கு விருப்பமா என்று இதுவரை நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன்.

“அங்க ஸ்னோ எல்லாம் இருக்காம்” என்றாள். பென்சிலைக் கூராக்கினாள். “ஆனா பெரியம்மா சொன்னவா, என்னைத் தங்கட மகள் எண்டுதான் ஃபோம் நிரப்பியிருக்கினமாம். அப்பிடியெண்டாத்தான் ஏலுமாம். அம்மா பேர் எண்ட இடத்தில பெரியம்மான்ர பேர். ஆரும் கேட்டா நான் அதைத்தான் சொல்லோணுமாம்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“எனக்குப் பிழையா வந்திடும் எண்டு சொன்னன்.”

அதுவரை நான் என் வேலை சரியென்று நிரூபிப்பதற்காகவும் ஓடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு அப்படி இல்லை.

வங்கித் தம்பியின் சுவிஸ் தொலைபேசி இலக்கத்தைப் பாமன்கடையில் இருந்த அவருடைய உறவுக்காரர் ஒருவரிடமிருந்து எடுத்தேன். 1999 ஜூன் 13, ஞாயிறு. காலி வீதியில் வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கும் கடைக்குப் போனேன். பலகையால் மறித்த சின்னக் கூடு. வெளியே பத்துப் பேர் வரிசையில், உள்ளே கதைப்பது எல்லோருக்கும் கேட்கும்.

“அக்கா! கடிதம் கிடைச்சது. பதில் எழுதப் பயமாக் கிடந்தது, அதான்.”

“என்ன பயம் தம்பி?”

“நான் இங்க அசைலம் கேட்டிருக்கிறன். நாட்டு அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தனான் எண்டு வாக்குமூலம் குடுத்திட்டு, அந்த அரசாங்கத்தின்ர தூதரகத்துக்குள்ள நானே நடந்துபோய் ஒப்பம் வைச்சா என்ர கேஸ் முடிஞ்சுது அக்கா. இஞ்ச எல்லாரும் சொல்லுறது அதுதான். பாஸ்போட் விஷயத்துக்குக்கூட ஒருத்தரும் அந்தப் பக்கம் போறேல்லை.”

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான்கு கடிதம் எழுதியபோதும் அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

“பிள்ளை என்ன சொல்லுறாள்?”

பிள்ளை சொன்னதைச் சொன்னேன். அம்மா பேர் என்ற இடத்தில் வேறு பேர் என்பதை. வரிசையில் நின்ற ஒருவர் பலகையைத் தட்டி, “அம்மா, கெதியா முடியுங்கோ” என்றார்.

“பாப்பம் அக்கா” என்றார் வங்கித் தம்பி. “வெளியில ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“தம்பி, நீர் போகவேண்டாம்” என்று நான் சொன்னேனா? இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். அன்றைய குறிப்பில் அழைப்பு எடுத்த நேரம் இருக்கிறது, கதைத்த நிமிடங்கள் இருக்கின்றன. அந்த வசனம் இல்லை. நான் எதையும் விடாமல் எழுதுகிறவள் என்பதால், சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செப்டெம்பர் 7, செவ்வாய், அவருடைய சத்தியக்கடதாசி பதிவுத் தபாலில் வந்தது. தூதரக முத்திரையோடு. இரண்டு பக்கம். ரீச்சர் தெளிந்த புத்தியோடு இருந்தார், ஐவரும் ஒன்றாக நின்றோம், ஒப்பம் வைக்கும்போது ரீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் யாரையும் சொல்லச் சொல்லவில்லை. நானும் என் சாட்சியத்தில் அதைச் சொல்லியிருக்கவில்லை. வேறு கடிதம் எதுவும் உறைக்குள் இருக்கவில்லை.

நவம்பரில் நீதிமன்றம் மரணசாதனத்தை ஏற்றது. சிநேகிதி பாதுகாவலர் ஆனார். பெரியப்பா தன் கையால் பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் தகப்பனின் மரணச் சான்றிதழையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். போகும் நாளன்று கொட்டாஞ்சேனைக்கு வந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று சிநேகிதி சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் கடுமையாக எதுவும் எழுதியதில்லை.

கொஞ்சக் காலம் ஞாயிறுகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். சிநேகிதி எப்போதும் தேத்தண்ணி தந்து, இருக்கச் சொல்லி, அன்பாகவே இருந்தார். ஆனால் அது அவர்கள் இரண்டு பேருடைய வீடு. நான் போனால் பிள்ளை பாடத்தை நிறுத்திவிட்டு மரியாதைக்காக வந்து முன்னால் இருப்பாள். அவள் ஓ.எல். படிக்கத் தொடங்கியபோது மாதத்துக்கு ஒருமுறை ஆக்கினேன். பிறகு வருடப்பிறப்புக்கும் நத்தாருக்கும் மட்டும். மாடியில் பூட்டிய அறைகளில் இரண்டை முதலாளி ஏதோ ஒரு கம்பனிக்குச் சாமான் வைக்கக் கொடுத்தார். அதன்பின் காற்றில் கதவு ஆடும் சத்தம் இல்லை.

2001 ஒக்ரோபரில் ஸ்ரேஷன் மாஸ்டரின் மனைவி கனடாவிலிருந்து எழுதினார். கணவர் காலமான செய்தி. நான்கு பக்கக் கடிதம். மூன்றாம் பக்கத்தின் கீழே: “எங்கட வங்கித் தம்பியின்ர கேஸைத் தள்ளுபடி செய்துபோட்டாங்களாம். நாட்டுக்கு அனுப்பிப்போட்டதாகவும் ஒரு கதை கேள்விப்பட்டன். உங்களிட்ட வந்தவரோ?”

என்னிடம் வரவில்லை. பாமன்கடை உறவுக்காரர் அதற்குள் வீடு மாறிப் போயிருந்தார். அயலவர்களுக்குப் புதிய விலாசம் தெரியவில்லை. சத்தியக்கடதாசியில் இருந்த சுவிஸ் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். இரண்டு திரும்பி வந்தன, மூன்றாவது வரவில்லை. அவருடைய ஊர்க் கிராம அலுவலரான விதானைக்கும் எழுதினேன். அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. பிள்ளைக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லத்தக்க அளவு எனக்கு எதுவும் தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதை எழுதும்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தவை: மரணசாதனம் நிரூபிக்கப்பட்டது, பிள்ளை தாயின் பெயரோடு கொழும்பிலேயே வளர்ந்தாள், அதற்காக ஒருவர் போக வேண்டாம் என்று தான் நினைத்த இடத்துக்குப் போனார். அவருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டது என்பது ஒரு கடிதத்தில் ஒருவர் கேட்டு எழுதிய செய்தி. தள்ளப்பட்டது உண்மையென்றால், தூதரகத்தில் வைத்த ஒப்பம்தான் அதற்குக் காரணமா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாரா என்பதையும் உறுதிப்படுத்தவில்லை.